நோய்க்கு எண் இடுதல்

நமது கல்லூரி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு இதழாசிரியர் பணித்தார். யான் வைத்தியனல்லன், அரசினர் வைத்தியசாலையொன்றின் பதிவேட்டு அறையில் எழுதுவினைஞனாய் ஊழியஞ் செய்து இளைப்பாறியவன். அவ்வறையிற் கற்ற கல்வியொன்றை இளைய மாணவர்க்குக் கூற விழைகின்றேன்.

வீடு செல்லும் நோயாளி ஒவ்வொருவருடைய நோய்ச்சீட்டும் எம் மேசைக்கு வரும். அதனைப் படித்து நோய்க்குரிய குறியீட்டை இடுதல் எம் கடன். 1893 இல் பிரெஞ்சு அறிஞர் ஷாக் பேர்ட்டிலோன் சிக்காகோவில் மரண காரணங்களின் பட்டியலொன்றை முன்வைத்தார். 1948 இல், ஆறாந் திருத்தத்தில், மரணம் விளைக்காத பிணிகளும் அதனுட் புகுந்தன. யான் பயின்றது 1990 இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பத்தாந் திருத்தம். பதினோராவது 2022 இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதனைக் கற்பது இளைஞர் பாடு.

கல்லூரியிலே தாவரங்களைக் குடும்பங் குடும்பமாய் வகுத்த பழக்கம் சிறிது கைகொடுத்தது. ஆயினும் இந்நூல் ஒரே நெறியில் நில்லாது. காசநோய் கிருமியால் வகுக்கப்படும். மாரடைப்பு உறுப்பால் வகுக்கப்படும். பனையிலிருந்து வீழ்ந்து தொடையென்பு முறிந்தவனுக்கோ இரண்டு எண்கள் வேண்டும். எஸ் 72 முறிவைக் கூறும். டபிள்யூ 14 மரத்திலிருந்து வீழ்ந்தமையைக் கூறும். ஜெனீவாவில் இருந்தோர் நம் மரமேறியை மறந்திலர் என மகிழ்ந்தேன். சத்திரசிகிச்சைக்கு வேறு பட்டியல் உண்டு. அங்கே வயிற்றைக் கீறுதலும் தைத்தலும் தனித்து எண்ணப்படா. குடல்வாலை அகற்றிய செயலுள் அவை அடங்கிவிடும்.

என்னை மிக வருத்தியவை பூச்சிநாசினி உட்கொண்டோரின் சீட்டுக்கள். நஞ்சுக்குரிய எண் எல்லார்க்கும் ரி 60 தான். அடுத்த எண்ணே நோக்கத்தை வினவும்: தவறுதலாயின் எக்ஸ் 48, வேண்டுமென்றேயாயின் எக்ஸ் 68, துணியப்படாவிடின் வை 18. சீட்டிலோ பல வேளை, நஞ்சருந்தினார் என்ற ஒரு வரியே இருக்கும். வைத்தியர் எழுதாததை எழுதுவினைஞன் ஊகித்தல் ஆகாது. சீட்டை வாட்டுக்குத் திருப்பியனுப்பிக் கேட்போம்.

மகள் பிழைத்து வீடு சென்ற மறுநாள் தந்தையொருவர் எம் அறை வாயிலில் வந்து நின்றார். "பிள்ளை இருமல் மருந்தெண்டு நினைச்சுக் குடிச்சிட்டாள் ஐயா, அப்பிடியே எழுதிவிடுங்கோ" என்றார். வைத்தியர் வேறுவிதமாய்த் தெளிவாக எழுதியிருந்தார். கொழும்புக்கு அனுப்பும் கணக்கிற் பெயர் செல்லாது, எண்ணே செல்லும் எனச் சொன்னேன். அவர் மறுமொழி கூறாது சிறிது நேரம் நின்று போயினார். யான் எக்ஸ் 68 இட்டேன்.

கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிநாசினிகள் இலங்கையில் 1995 இலும், எண்டோசல்பன் 1998 இலும் தடைசெய்யப்பட்டன. அதன்பின் நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வருவோர் தொகை குறையாதிருக்க, வந்தவருள் இறப்போர் தொகை குறைந்தது. அவ்விரு தொகைகளும் என் போன்ற எழுதுவினைஞர் பலர் நாடெங்கும் இட்ட எண்களைக் கூட்டிப் பெற்றவை.