மூலனின் மாடுகள்

ஆர்.சி. புத்தகத்தில் வண்டிக்கு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று சேஸிஸ் எண், மற்றது இன்ஜின் எண். அம்பாசிடருக்குத் தனியாக சேஸிஸ் என்று ஒன்று கிடையாது. பாடியும் அடிச்சட்டமும் ஒன்றாக வார்த்த மாதிரிதான் இருக்கும். இருந்தாலும் எண் உண்டு, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வண்டி என்பது அந்த எண்தான். இன்ஜினை மாற்ற வேண்டுமா? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. முறையாக அனுமதி வாங்கிப் புது எண்ணைப் பதிந்துகொண்டால் வண்டி பழைய வண்டியாகவே நீடிக்கும். உயிர் மாறலாம், உடம்பு அதேதான் என்கிறது சர்க்கார். திருவாவடுதுறைப் பக்கம் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் மார்க் 3 கொஞ்ச காலமாக நீலப் புகை விடுகிறது. ரிங்கும் போரும் தேய்ந்து ஆயில் மேலே ஏறி எரிகிறது. 1489 சிசி, மோரிஸ் ஆக்ஸ்போர்டோடு சீமையிலிருந்து வந்த அதே பி.எம்.சி. இன்ஜின். "இதுக்குப் போய் செலவு பண்ணாதீங்க சார், வேற இன்ஜின் போட்டுடலாம்" என்று சொல்லாத மெக்கானிக் இல்லை. புதுப்பேட்டையில் கேட்டால் இசுசூவைச் சொல்வார்கள். தொண்ணூறுகளில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே அம்பாசிடருக்குள் வைத்த 1800 சிசி பெட்ரோல் இன்ஜின். ஐந்து கியர், ஏசி போட்டாலும் இழுக்கும். இன்னும் சிக்கனக்காரர்கள் மெட்டடார் வேனின் டீசல் இன்ஜினைச் சொல்வார்கள். டீசல் மலிவாக இருந்த காலத்தில் வாடகைக் கார்க்காரர்கள் கண்டுபிடித்த வைத்தியம் அது. கார் ஓடும், காருக்குள் இருப்பவர் பேசுவது மட்டும் கேட்காது.

இன்ஜின் விலை சகாயம்தான். அதோடு வருகிறவைதான் பணத்தைத் தின்கின்றன. இசுசூ வந்தால் அதன் கியர்பாக்ஸும் வர வேண்டும். கியர்பாக்ஸ் மாறினால் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டியோ ஒட்டியோ அளவு சரிசெய்ய வேண்டும். மவுண்டிங், ரேடியேட்டர், கிளட்ச், சைலன்ஸர் பைப் என்று வரிசையாக நிற்கும். எல்லாம் முடிந்து கார் பறக்க ஆரம்பித்ததும், நிற்பதற்கு இருப்பது பழைய டிரம் பிரேக் என்று ஞாபகம் வரும். பட்ஜெட் போடுகிறவர்கள் இன்ஜினுக்கு ஒரு தொகையை எழுதிவிட்டு அதற்குக் கீழே கோடு கிழிக்கிறார்கள். கோட்டை அங்கே கிழிக்கவே கூடாது.

இனி மூலன். பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்கிற கதை. கயிலையிலிருந்து ஒரு யோகி அகத்தியரைப் பார்க்கத் தெற்கே வருகிறார். காவிரிக் கரையில், திருவாவடுதுறையை அடுத்த சாத்தனூர்ப் பக்கம் ஓர் இடையன் செத்துக் கிடக்கிறான். பெயர் மூலன். அவன் மேய்த்த மாடுகள் சுற்றி நின்று உடம்பை மோந்தும் நக்கியும் கதறுகின்றன. யோகிக்கு மனம் தாங்கவில்லை. தம் உடம்பைப் பத்திரமாக ஓரிடத்தில் மறைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் புகுந்து எழுந்து உட்காருகிறார். மாடுகளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். மேய்ந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் தாமாகவே வீடு திரும்புகின்றன. பின்னாலேயே அவரும் போகிறார்.

புருஷனைக் காணோமே என்று தேடி வந்தாள் மூலனின் மனைவி. அதே முகம், அதே கை கால். தொடப் போனவளை விலக்கி, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்லிவிட்டுப் பொதுமடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். அவள் ஊராரைக் கூட்டி வருகிறாள். அவர்களும் பார்த்துவிட்டு, இவர் இனி உனக்கு ஆகமாட்டார் என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பெண்ணுக்குப் புராணம் அதற்குமேல் இடம் தரவில்லை. எனக்கு அதில் எப்போதும் ஒரு மனத்தாங்கல் உண்டு. மாடுகளின் துக்கம் தீர்ந்தது. அவள் துக்கம்? புருஷன் செத்துப்போனான் என்று அழக்கூட முடியாது, உடம்பு எதிரே உட்கார்ந்திருக்கிறதே!

யோகி தம் பழைய உடம்பைத் தேடிப் போகிறார், காணவில்லை. தமிழில் திருமந்திரம் வர வேண்டும் என்பதற்காகச் சிவபெருமானே மறைத்துவிட்டாராம். கழற்றிய இன்ஜினைப் பத்திரமாக ஷெட்டில் வைத்திருக்கிறேன், பிடிக்காவிட்டால் திருப்பி மாட்டிக்கொள்வேன் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். சித்தர் ஒளித்து வைத்ததே நிலைக்கவில்லை. ஷெட்டை ஒழிக்கிற அன்றைக்கு நம்முடையது எடைக்குப் போய்விடும்.

கூடு மாறிய கார் ஒன்று சென்னையிலேயே தயாரானது. 1985-இல் வந்த ஸ்டாண்டர்ட் 2000. கூடு, சீமையில் பரிசு வாங்கிய ரோவர் எஸ்டி1 காருடையது. அங்கே அதற்குள் மூன்றரை லிட்டர் வி8 இன்ஜின்கூட இருந்தது. இங்கே சிக்கனம் பார்த்து, நாற்பதுகளில் பிறந்த வான்கார்ட் இன்ஜினின் 1991 சிசி வடிவத்தை வைத்தார்கள். மட்டமான இன்ஜின் என்று சொல்ல மாட்டேன். அதே குடும்பத்து இன்ஜின் ஃபெர்குசன் டிராக்டரில் நிலம் உழுதிருக்கிறது, டிரையம்ஃப் டிஆர்2-வில் பந்தயம் ஓடியிருக்கிறது. ஆனால் அந்த உடம்புக்கு அந்த உயிர் ஒத்துவரவில்லை. கப்பல் மாதிரி வண்டி மெதுவாகக் கிளம்பும், பெட்ரோலை மட்டும் தாராளமாகக் குடிக்கும். எண்பதுகள் முடிவதற்குள் கடையைக் கட்டிவிட்டார்கள். தெருவில் நின்று பார்த்தவர்கள் மூலனின் மாடுகள், ரோவரைப் பார்த்த திருப்தி அவர்களுக்கு. ஸ்டியரிங் பிடித்தவர்தான் மூலனின் மனைவி.

பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர் யாருக்காகச் செய்கிறார் என்பதை முதலில் தீர்த்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப்போகிறவர் தாராளமாக எதை வேண்டுமானாலும் உள்ளே வைக்கட்டும், பானெட்டை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்? தினம் ஆபீஸ் போகிறவருக்கு இசுசூதான் நியாயம், பிரேக்கையும் சேர்த்து மாற்றுகிற வசதி இருந்தால். எனக்கு அவசரமாகப் போக வேண்டிய இடம் எதுவும் கிடையாது. மேட்டில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது அந்த 1489 ஒரு முனகல் முனகும், அதற்காகத்தான் வண்டியையே வைத்திருக்கிறேன்.

எனவே லேத் பட்டறைக்காரரிடம் பேசியாகிவிட்டது. பிளாக்கை அளந்து பார்த்து, போர் தாங்கினால் ஓவர்சைஸ் பிஸ்டன், தாங்காவிட்டால் ஸ்லீவ். கிராங்கையும் ஒரு கிரைண்டிங் பார்த்துவிடலாம் என்றார். இன்சூரன்ஸ்காரருக்கு எழுத வேண்டியதில்லை, ஆர்.டி.ஓ. படியேற வேண்டியதில்லை. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, "எப்படியும் கழட்டறோம், ரேடியேட்டரையும் பார்த்துடலாமே சார்" என்று அவர் ஆரம்பித்திருக்கிறார்.