வலப்புறம் விலகிய பந்து

தமிழ்த்துறை மலரொன்றில் கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நமக்கும் வியப்பே. மாணவப் பருவத்தில் நாம் பிடித்தது கிரிக்கெட் மட்டை ஒன்றுதான். அதனாலும் சொல்லிக்கொள்ளும்படி ஓட்டம் எடுத்ததில்லை. ஆயினும் சென்ற ஆண்டு நந்தனத்தில் ஒரு காலைப்பொழுதில் நாம் கண்ட காட்சி, பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பறையில் நாம் செய்துவந்த ஒன்றைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அதனை மறையாது எழுதிவிடுதலே முறை எனக் கருதுகிறோம்.

தியாகராய நகரில் துணி வணிகம் செய்துவரும் நம் மைத்துனரை மருத்துவர் நாள்தோறும் நடக்கச் சொன்னார். மெரினாவும் நாகேசுவரராவ் பூங்காவும் இருக்க, அவர் தேர்ந்தெடுத்தது கோல்ஃப் திடல். சென்னைக்கு இவ்வாட்டம் புதிதன்று. கல்கத்தாவில் 1829-லேயே இதற்கென ஒரு மன்றம் தோன்றிவிட்டது. இங்கே கிண்டியில், குதிரைப் பந்தயத் தடத்தின் உள்வட்டத்தில் ஜிம்கானா மன்றத்தார் நெடுங்காலம் ஆடிவந்தனர். அந்நிலத்தின் குத்தகையை 2024-இல் அரசு நீக்கியது நாளேடுகளில் படித்த செய்தி. 1873-இல் தோன்றிய காஸ்மாபாலிட்டன் மன்றத்தின் திடல் நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டி உள்ளது. எத்தனையோ முறை அவ்வழியே பேருந்தில் சென்றிருந்தும், மதிலுக்கு அப்பால் என்ன நடக்கிறதென நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

“மச்சான், சும்மா காத்து வாங்க வாங்களேன்” என்று மைத்துனர் அழைத்தார். சுபுஹுத் தொழுகை முடித்து அவரோடு சென்றோம்.

அவர் முதற்பந்தை அடித்தார். நேரே புறப்பட்ட பந்து, நடுவழியில் மனம் மாறியதுபோல் வலப்புறம் வளைந்து மரங்களுக்குள் சென்று மறைந்தது. இரண்டாவதும் அவ்வாறே. இதனை ஆட்டக்காரர்கள் ஸ்லைஸ் என்பர். புதிதாக ஆடுவோரிற் பெரும்பாலோரைப் பிடிக்கும் நோய் இதுவாம். மைத்துனர் ஒரு மருந்து வைத்திருந்தார். பந்து வலப்புறம் போகிறதென்றால் இடப்புறம் குறிவைத்தால் போயிற்று! தோளை இடப்பக்கம் திருப்பி நின்று ஓங்கி அடித்தார். பந்து முன்னினும் மோசமாக வளைந்தது. இன்னும் திரும்பி நின்றார், இன்னும் வளைந்தது.

அப்போதுதான் அவருடைய மட்டைப் பையைச் சுமந்து நின்ற இளைஞரை உற்றுநோக்கினோம். நம் வகுப்பின் இரண்டாம் ஆண்டு மாணவர்! அவர் நம்மை முன்னரே கண்டுகொண்டு, தொப்பியை முகத்தின்மேல் தாழ்த்திக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் மணிக்குக் கால்மணி நேரம் பிந்தியே வருவார், வந்தால் உறங்குவார். பழம் என்பதைப் ‘பளம்’ என்றும், வாழை என்பதை ‘வாளை’ என்றும் ஒலிப்பார். தமிழாசிரியர் செவிக்கு இது பொறுக்குமா? ஒருநாள் அவரை எழுப்பி நிறுத்தி, ஒரே சொல்லை இருபது முறை சொல்லச் செய்தோம். இருபதாம் முறை முதல் முறையினும் கெட்டிருந்தது. வகுப்பு சிரித்தது, உண்மையைச் சொன்னால் நாமும் சிரித்தோம். அதன்பின் அவர் மேலும் பிந்தி வரலானார். நாமோ வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினோம். இவ்வாறு பதினொரு நாட்கள்.

மட்டைப் பை தூக்குவோரை ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லைத் தமிழில் எழுதினால் ‘கேடி’ என்றாகிறது. நம் ஊரில் அச்சொல்லுக்குக் காவல் நிலையப் பொருள் ஒன்று உண்டென்பதை யாவரும் அறிவர். அம்மாணவரை நாம் எந்தப் பொருளில் மதித்து வைத்திருந்தோம் என்பதை இங்கே எழுத வெட்கமாக உள்ளது.

மைத்துனர் மூன்றாவது பந்தையும் இழந்தபின் மாணவர் தாழ்ந்த குரலில், “சார், இடது கைய கொஞ்சம் திருப்பிப் பிடிங்க” என்றார். மேலிருந்து நோக்கினால் இடக்கையின் கணுக்கள் இரண்டேனும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். மைத்துனருக்கு ஒன்றுகூட முழுதாகத் தெரியவில்லை. தோள்களை இலக்குக்கு இணையாக நிறுத்தச் செய்தார். பிறகு தம் கைக்குட்டையை மடித்து மைத்துனரின் வலக்கை அக்குளில் செருகி, மட்டை கீழிறங்கும்போது அது விழக்கூடாது என்றார். வலத்தோள் முந்திக்கொண்டு பாய்வதால் மட்டை வெளிப்புறமிருந்து உட்புறம் அறுப்பதுபோல் வருகிறது. இடுப்பு முதலில் திரும்பினால் தோள் தன் முறைக்குக் காத்திருக்கும் என்பது அவர் விளக்கம். முதல் நான்கு முறை கைக்குட்டை விழுந்தது. ஐந்தாம் முறை விழவில்லை. பந்து சிறிதே வளைந்து புல்வெளியில் நின்றது.

இடப்புறம் குறிவைத்தது ஏன் கேட்டை மிகுவித்தது? நம் இயற்பியல் துறை நண்பரிடம் கேட்டும், சில நூல்களைப் புரட்டியும் அறிந்தவை இவை. மட்டையும் பந்தும் தொட்டிருப்பது ஏறத்தாழ அரை மில்லி வினாடி. அதற்குள் எல்லாம் முடிவாகிவிடும். 46 கிராமுக்கும் சற்றே குறைவான அப்பந்து பின்னோக்கிச் சுழன்றபடி எழுகிறது. அச்சுழற்சியே அதனைக் காற்றில் தாங்குகிறது என்பதை எடின்பரோவின் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட் 1890-களில் ஆராய்ந்து காட்டினார். அவர் மகன் ஃபிரெடி 1896-லும் 1898-லும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றவர் என்பது சுவையான செய்தி. மட்டை வீசப்படும் பாதைக்கும் மட்டைமுகம் நோக்கும் திசைக்கும் வேறுபாடு இருப்பின் சுழற்சியின் அச்சு சாய்ந்து, பந்து பக்கவாட்டில் வளைகிறது. தோளை இடப்புறம் திருப்பினால் வீச்சின் பாதையும் இடப்புறம் திரும்பும். முகமோ திறந்தபடியே நிற்கும். வேறுபாடு பெருகும், வளைவும் பெருகும்.

இதில் ஆசிரியர்களாகிய நாம் கவனிக்கத்தக்கது இன்னொன்று. பந்து வீச்சின் பாதையிலேயே புறப்படும், பின்னர் மட்டைமுகம் நோக்கும் பக்கம் வளையும் எனப் பயிற்சியாளர்கள் பல்லாண்டுகளாகக் கற்பித்து வந்தனர். இந்நூற்றாண்டில் ராடார் கருவிகள் வந்து அளந்தபோது, பந்து புறப்படும் திசையைப் பெரும்பங்கு தீர்மானிப்பது மட்டைமுகமே எனத் தெரிந்தது. தவறாகக் கற்பித்தவர்களின் மாணவர்களும் எப்படியோ ஆடக் கற்றுக்கொண்டார்கள்!

திரும்பும் வழியில், இவையெல்லாம் யார் கற்றுக்கொடுத்தார் என்று மாணவரிடம் வினவினோம்.

“யாரும் இல்ல சார். அப்பாவும் இங்கதான் பை தூக்கினாரு. காணாமப்போன பந்தைத் தேடி எடுக்கறது எங்க வேலை. அடிக்கும்போதே கையப் பார்த்துட்டா எங்க விழும்னு தெரிஞ்சுடும், அலைய வேணாம்.”

தந்தைக்கு முழங்கால் கெட்டுவிட்டதாம். அதிகாலையில் வந்தால்தான் ஒரு சுற்றுக்கேனும் பை கிடைக்கும். சுற்று முடிந்து பேருந்தேறி வகுப்புக்கு வரப் பிந்திவிடுகிறது. “சொல்லியிருக்கலாமே” என்றோம். அவர் விடை சொல்லவில்லை. சொல்லும் இடத்தை நாம் வைத்திருந்தோமா என்ன?

மைத்துனர் அலி ஷேரின் கதையைத் தொடங்கினார். தில்லித் திடலில் பை சுமந்த அவர் 1991-இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். அதனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே. 1993-இல் மீண்டும் வென்றார். மாணவர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போதிருந்த கவலை வேறு. தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும்; அவருக்கு அது குறைந்திருந்தது. குறைத்தவர் அருகிலேயே நடந்துகொண்டிருந்தார்.

அன்றிரவு தொல்காப்பியத்தின் பிறப்பியலை எடுத்து வைத்துக்கொண்டோம். எத்தனை முறை நடத்திய பகுதி! நாவின் நுனி மேனோக்கி வளைந்து அண்ணத்தை வருடும்போது ழகரம் பிறக்கிறது என்கிறார் ஆசிரியர்; ளகரத்துக்கோ நாவின் விளிம்பு தடிக்க வேண்டும். வெளியே வந்து விழும் ஒலியை அவர் வருணிக்கவில்லை. உள்ளே உறுப்பு எங்கே நிற்கவேண்டும் என்பதையே சொல்கிறார். நாமோ இருபது முறையும் விழுந்த ஒலியையே திருத்திக்கொண்டிருந்தோம். நாவை எங்கே வைக்கிறாய் என ஒருமுறையும் கேட்கவில்லை.

மறுநாள் முதல்வரிடம் சென்று, அப்பதினொரு நாட்களும் அம்மாணவர் வகுப்புக்கு வந்தார் என்றும், வருகை மறுத்தது நம் செயல் என்றும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். முதல்வர் இருமுறை படித்துவிட்டு, “இதைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டிவருமே” என்றார். சேர்க்கலாம் என்றோம். பிந்தி வருவோருக்குக் கடைசி வரிசையில் இரண்டு இருக்கைகளைக் காலியாக வைக்கும் வழக்கமும் அன்று தொடங்கியது; துறையில் எல்லார்க்கும் அதில் உடன்பாடில்லை. மாணவர் தேர்வெழுதினார்.

சில மாதங்களுக்குப்பின் மீண்டும் நந்தனம் சென்றோம். மைத்துனரின் பந்து இப்போது இடப்புறம் வளைகிறது. அவர் கையை விரித்து நம்மைப் பார்த்தார்.

“அது நல்லதுதான் சார், கை திரும்ப ஆரம்பிச்சிருக்கு. பழகிடும்” என்றார் மாணவர்.

அந்தச் சொல்லில் ழகரம் பாதி வழியில் நின்றிருந்தது. நாம் ஒன்றும் கூறவில்லை. அவர் பந்தைத் தேடி நடந்தார்.