இலை முறித்த கதை

"கேரள கஞ்சா" என்ற சொற்றொடரை நான் எத்தனை தடவை செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. இன்ன கரையில், இத்தனை கிலோ, இத்தனை பேர் கைது என்று நாலு வரிக்குள் முடிந்துவிடும் வடபகுதிச் செய்தி அது. ஆனால் கஞ்சாச் செடியொன்றை வேரும் இலையுமாக, உயிருடன் நான் கண்டது எழுபது வயதை நெருங்கும்போதுதான். 2022ஆம் ஆண்டு கோடையில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், பழைய நண்பர் ஒருவரின் வீட்டுப் பின்வளவில்.

நண்பர் என்னுடன் ஒரே பத்திரிகையில் பல ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவர். நான் எழுதியதில் அவர் கை வைக்காத பந்தி குறைவு. புற்றுநோய் எலும்புக்குப் பரவி, இரவில் நித்திரையின்றி இருந்தார். வைத்தியரிடம் கேட்ட பின்னர், மகன் கஞ்சாப் பூவிலிருந்து எண்ணெய் வடித்து இரவில் சில துளிகள் கொடுத்துவந்தான். நோ போய்விட்டது என்று நண்பர் ஒருபோதும் சொல்லவில்லை. "மூன்று மணித்தியாலம் கண் மூடுது காணும்" என்பார். அவ்வளவுதான்.

கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. ஒன்ராறியோவில் வளர்ந்தவர்கள் உள்ள ஒரு வீட்டில் நான்கு செடிகள் வரை வளர்க்கலாம். அனுமதி பெற்ற கடைகளும் உண்டு. ஆனால் அந்தக் கடைக்கு மகன் போவதை நண்பர் விரும்பவில்லை. பக்கத்தில் தமிழ்க் கடைகள். ஊர்ச் சனம் கண்டால் என்ன நினைக்கும் என்பது அவருடைய கவலை. சட்டம் மாறிய வேகத்தில் மனிதனின் கூச்சம் மாறுவதில்லையே! ஆகவே பின்வளவில் மூன்று சாடிகள். குளிர்காலத்துக்கான மருந்து முழுவதும் அந்த மூன்றிலிருந்தே வரவேண்டும்.

அவை 'ஓட்டோஃபிளவர்' என்று சொல்லப்படும் இனம். வழக்கமான கஞ்சாச் செடி இரவு நீளும்வரை காத்திருந்தே பூக்கும். கூடாரத்துக்குள் வளர்ப்பவர்கள் விளக்கை அணைத்து ஏற்றி அதன் பருவத்தைத் தம் விருப்பம்போல் தள்ளிவைக்கலாம். இந்த இனத்தில் அது நடக்காது. 1924இல் ருஷ்யத் தாவரவியலாளர் யனிஷெவ்ஸ்கி 'ருடெராலிஸ்' என்று பெயரிட்ட வடநாட்டுக் காட்டுக் கஞ்சாவின் இரத்தம் இதில் ஓடுகிறது. கோடை குறுகிய நிலத்தில் வளர்ந்த அச்செடிக்கு, பனி கொட்டுமுன் விதை முற்றவேண்டும். ஆகவே முளைத்து மூன்று, நான்கு வாரங்களில், பகல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது பூக்கத் தொடங்கிவிடும். பத்து வாரமளவில் ஆயுளும் முடிந்துவிடும். இதையெல்லாம் நான் பின்னர்தான் படித்தேன். முன்னரே படித்திருக்கவேண்டும்.

நான் வலிகாமத்துப் புகையிலைத் தோட்டக்காரனின் மகன். துலா மிதித்து இறைத்த நீரில் வளர்ந்த கன்று பூ எடுக்கும் தறுவாயில், எனது தந்தையார் விடியற்காலையில் வரிசை வரிசையாக நடந்து, நுனியைப் பெருவிரல் நகத்தால் கிள்ளி எறிவார். பின்னர் இலைக் கணுக்களில் வரும் பக்க முளைகளை வாராவாரம் நாங்கள் முறிக்கவேண்டும். விரல்களில் ஒட்டும் கறுத்த பிசின் சவர்க்காரத்துக்கும் போகாது. அந்தக் கையோடுதான் பள்ளிக்கூடம் போவோம். பூவை விட்டால் இலை மெலியும். மெலிந்த இலைக்கு வியாபாரி விலை சொல்லமாட்டான். செடியில் எதையாவது முறித்துக்கொண்டிருப்பதுதான் கமம் என்று என் கை அந்த வயதிலேயே பழகிவிட்டது. பிறகு உதவி ஆசிரியர் வேலை. அங்கும் வெட்டுவதே தொழில்!

யூலை நடுப்பகுதி. செடிகளில் வெள்ளை மயிர் போன்ற பூவிழைகள் தோன்றி இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. விரிந்த கை போன்ற பெரிய இலைகள் பூக்களை மூடிக்கொண்டு நின்றன. "இவ்வளவு இலை எதுக்கு? பூவுக்கு வெயில் படவேணும்" என்றேன். மகன் தயங்கினான். "அங்கிளுக்குத் தோட்டம் தெரியும், விடு" என்று கதிரையில் இருந்தபடியே நண்பர் சொன்னார். இரண்டு செடிகளின் பெரிய இலைகளை ஏறத்தாழ முழுவதும் கழித்தேன். மூன்றாவதற்குப் போகுமுன் தேநீர் வந்தது. அதோடு மழையும் வந்தது. அந்தச் செடி தப்பிய கதை அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் வேறுபாடு தெரிந்தது. தொடாத செடியின் பூக்கள் திரண்டுகொண்டே போயின. மற்ற இரண்டும் அப்படியே நின்றன. என் பிழை எங்கே என்பது மெல்லவே புரிந்தது. புகையிலையில் அறுவடை இலை. பூ அங்கே உண்டுதீர்க்கும் வாய். இங்கே அறுவடை பூ. அதற்குச் சமைத்துப் போடுவது இலை. வெயில் படவேண்டியது பெரும்பாலும் இலைக்குத்தான். அங்கே உண்டாகும் சர்க்கரைதான் பூவைத் திரட்டுகிறது. முதிர்ந்த இலை தன்னுள் சேர்த்த நைதரசனையும் கடைசி வாரங்களில் பூவுக்குக் கொடுத்துவிட்டு மஞ்சளாகும். அந்தக் களஞ்சியத்தைத்தான் நான் நிறைந்திருந்தபோதே கிள்ளி எறிந்தேன். வழக்கமான இனமென்றால், பூக்குமுன் இலை கழித்தவர் ஒளி நேரத்தை நீட்டி, புதிய இலை வரும்வரை பொறுக்கலாம். தானே பூக்கும் இனத்துக்கு அந்த அவகாசமில்லை. புது இலை விடும் பருவம் கடந்தபின் இழந்தது இழந்ததுதான்.

நண்பர் பழைய தொழிலை மறக்கவில்லை. மெய்ப்பில் தவறுதலாக வெட்டிய சொல்லுக்குக் கீழே புள்ளிகள் இட்டால் அது இருக்கட்டும் என்று பொருள். "புள்ளி போட்டு வையும் பாப்பம், வருதோ எண்டு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது செடியிலும் ஓர் இலையும் எடுக்கவில்லை என்றில்லை. ஓகஸ்டில் காற்று ஈரமாகி, பூக்கள் நெருங்கியபோது சாம்பல் பூசணம் வருமென்ற பயம் இருந்தது. அது நெருங்கிய பூவின் உள்ளே தொடங்கும். வெளியே தெரியும்போது பாதி அழுகியிருக்கும். மகன் நிதானமாகச் செய்தான். மண்ணில் படுகிற அடியிலைகள், தானாக மஞ்சளித்தவை, உள்ளே ஈரத்தோடு ஒன்றையொன்று அழுத்தியவை, இவற்றை மட்டும் நாளுக்கு இரண்டு மூன்றாக எடுத்தான். பூவை மறைத்த நல்ல இலைகளை முறிக்காமல் நூலால் ஒதுக்கிக் கட்டினான். பூவை ஒட்டிய சிற்றிலைகளைத் தொடவேயில்லை. அவற்றிலும் பிசின் உண்டு. அவற்றை அறுவடையன்று கத்தரித்தால் போதும்.

பூவிழைகள் பழுப்பாகிச் சுருண்டபின் வெட்டி, இருண்ட அறையில் தலைகீழாகத் தொங்கவிட்டோம். காய்ந்தபின் சமையலறைத் தராசில் நிறுத்தோம். தொடாத செடி 58 கிராம். நான் 'தோட்டம் தெரிந்து' திருத்திய இரண்டும் சேர்ந்து 31 கிராம்.

செப்டெம்பரில் நான் கொழும்பு திரும்பினேன். வழியனுப்ப வாசல்வரை வந்த நண்பர் செடியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கடைசி எண்ணெய்ப் போத்தல் தை பிறக்கமுன்னரே முடிந்துவிட்டதென்று மகன் தொலைபேசியில் சொன்னான். தகப்பனின் விருப்பத்துக்கு மாறாக, கடை பூட்டும் நேரம் பார்த்து, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் அந்தக் கடைக்குப் போய்வந்தான். பங்குனியில் நண்பர் காலமாகும்வரை, அது வீட்டில் விளைந்தது என்றே அவரிடம் சொல்லியிருந்தானாம்.