ஒரு மீட்டர்

முதுகெலும்பின் அருகே தொடங்கிக் கால் கட்டைவிரலில் முடிகிற நரம்புசெல், ஒரே ஒரு செல். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதற்கு வேண்டிய புரதங்களில் பெரும்பங்கு தயாராவது மேலே, முதுகெலும்புப் பக்கம். விரல்நுனிவரை அவை வந்து சேர்ந்தாக வேண்டும்.

தானாகப் பரவிப் போகட்டும் என்று விட்டால்? சாதாரண செல்லுக்குள் அது போதும். சில நொடிகளில் ஒரு புரதம் தள்ளாடித் தள்ளாடியே மறுமூலைக்குப் போய்விடும். ஆனால் தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். ஒரு மீட்டருக்குக் கணக்குப் போட்டேன். ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியது. ராஜராஜன் காலத்தில் கிளம்பியது இன்னும் வழியில்தான் இருக்கும்.

அதனால் செல், சுமைதூக்க ஆள் வைத்திருக்கிறது. கினசின் என்று பெயர். 1985இல், கணவாயின் தடித்த நரம்பை ஆராய்ந்தபோது அடையாளம் கண்டார்கள். நுண்குழாய் என்னும் பாதைமேல் இரண்டு கால்களை மாற்றி மாற்றி வைத்து நடக்கும். ஓர் அடி 8 நானோமீட்டர். அதற்கு ஓர் ஏடிபி மூலக்கூறு கூலி. தன்னைவிடப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு இப்படி ஒரு நாளில் 200 முதல் 400 மில்லிமீட்டர் வரை சுமை நகர்கிறது. டேட்டா பாக்கெட்டுகளை ஊர் ஊராக அனுப்பிப் பிழைக்கிற எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இதையெல்லாம் படித்தது அக்காவுக்காக. திருச்சியில் அவளுக்கு நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. சுடுகாட்டு மல்லி என்பாள் அம்மா. எங்கள் வேலியோரம் யாரும் நடாமலே பூத்துக் கிடக்கும். அந்த மருந்து நுண்குழாய்களைக் கட்டவிடாது. பிரியும்போது செல்லுக்கு அந்தக் குழாய்கள் வேண்டும். இல்லாவிட்டால் புற்றுச்செல் பாதியில் நின்று சாகும். நரம்புசெல் பிரிவதில்லை. ஆனால் அதற்குச் சாலையே அந்தக் குழாய்கள்தான். சாலை கெட்டால் கடைசி ஊருக்குத்தான் முதலில் பஞ்சம்.

"செருப்பு கழன்றதே தெரியலைடா தம்பி, தெருமுனை வரைக்கும் ஒத்தக் காலோட போயிருக்கேன்" என்று மூன்றாவது ஊசிக்குப் பின் போனில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருத்துவர் அளவைக் குறைத்தார். கட்டியும் கரைந்தது.

ஊசி நின்று ஏழு மாதம். போன ஞாயிறு கூப்பிட்டாள். மொட்டைமாடியில் வடாம் காயப்போடப் போனாளாம், தரை சுட்டதாம். எங்கே சுட்டது என்று கேட்டேன்.

"குதிகால்ல. விரலுக்கு இன்னும் வரலை."