சாமிப்படத்துக்குப் பின்னால் இருந்த சீட்டு

கொட்டாஞ்சேனையில் மகன் ஓட்டும் முச்சக்கர வண்டியில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. 2018இல் அநுராதபுரப் பக்கம் ஹயர் போனபோது வெள்ளைக்கோட்டைத் தாண்டிவிட்டான். பொலிசார் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டச்சீட்டு கொடுத்தார்கள். பயத்தில் அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிவிட்டான். 2007 யூனில் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து தமிழரை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய நாள் முதல், பொலிஸ் கடதாசி என்றாலே எனக்கும் நடுக்கம்தான்.

பன்னிரண்டாம் நாள் துடைக்கும்போது கண்டேன். பதினான்கு நாளுக்கு அந்தச் சீட்டே தற்காலிக அனுமதிப்பத்திரமாம்! அதற்குள் கட்டாவிட்டால் தண்டம் இருமடங்கு. 28 நாளும் கடந்தால் நீதிமன்றம். அன்றே தபாற்கந்தோரில் கட்டினோம். ஆனால் அனுமதிப்பத்திரம் இருந்தது அந்தப் பொலிஸ் நிலையத்தில். இரவு பஸ் பிடித்துப் போனோம். பற்றுச்சீட்டைப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் தந்தார்கள்.

திரும்பும் வழியெல்லாம் மகன் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.