கரை நாடா

போன மாதம் பேரனுக்குப் பள்ளியில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். "தாத்தா காலத்துச் சிறுவர்கள்" என்று தலைப்பு. நோட்டும் பேனாவுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எனக்குக் கேட்கவா வேண்டும்? கோலி, பம்பரம், சர்வ தீர்த்தக் குளத்தில் குதித்தது, வைகாசி கருட சேவைக்கு விடிய மூன்று மணிக்கே எழுந்து ஓடியது என்று அளந்துகொண்டே போனேன். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போனை விட்டால் வேறென்ன தெரியும்?" என்றும் சொல்லி வைத்தேன்.

பக்கத்தில் அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "அதெல்லாம் நீ விளையாடினே. நான் எப்படா விளையாடினேன்?" என்றாள்.

எனக்கு வாய் அடைத்துப்போனது.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். கூடத்தில் குழித்தறி. அப்பா கோர்வைச் சேலை நெய்வார். நம் ஊர்க்காரர்களுக்குக் கோர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு, ஆக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். உடல் இழையும் கரை இழையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். தறியில் இருப்பவர் ஒருவரால் இது ஆகாது. அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவைப் போட்டு வாங்க வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு குழந்தைதான். ஒரு சேலைக்குப் பத்துப் பதினைந்து நாள், காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை.

எங்கள் வீட்டில் அந்தக் குழந்தை அக்கா. இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவு எங்கள் பள்ளிக்கு வந்தபோது, அதைச் சாப்பிட நான் இருந்தேன், அவள் இல்லை. நான் குளத்தில் குதித்த மத்தியானங்களில் எல்லாம் அவள் தறியில்தான் இருந்திருக்கிறாள். அமாவாசையன்று மட்டும் எங்கள் வீட்டில் தறி ஓடாது. அன்றைக்கும் அவளுக்குத் தார் சுற்றும் வேலை இருக்கும்.

பதினேழு வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. இனி நான்தான் தறிக்கு என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அப்பா என்னை நிறுத்தவில்லை. வேறு தெருவிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்தார். அவன் வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தார். ஒன்பது வயது இருக்கும். சாயங்காலம் நான் உரக்கப் பாடம் படித்தால் அவன் கை நாடாவோடு நின்றுவிடும், அப்பா அதட்டுவார். மூன்று வருடம் எங்கள் வீட்டில் இருந்தான். அவன் பெயர் எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, தடை செய்த தொழில்களில் நெசவும் இருந்தது. ஆனால் சொந்தக் குடும்பத்தோடு செய்தால் தடையில்லை என்று விலக்கு வைத்தார்கள். அக்காவை அந்தச் சட்டமும் காப்பாற்றியிருக்காது. 2003இல்கூட, இந்தியப் பட்டுத் தொழிலில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் எழுதிய அறிக்கையில் நம் காஞ்சிபுரம் இருந்தது. பிறகு 2010இல் கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சட்டத்தைவிட, தங்கள் பிள்ளை தறியில் உட்காரக் கூடாது என்று நெசவாளர்களே முடிவு செய்ததுதான் பெரிது என்பது என் எண்ணம். இப்போது எங்கள் தெருவில் கோர்வை போடுகிற வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். அங்கேயும் கணவன் நெய்ய, மனைவி கரை போடுகிறாள்.

நல்ல கோர்வைச் சேலை அருகிப்போகிறதே என்று எனக்கு வருத்தம் உண்டு. அன்று அதையும் அக்காவிடம் சொன்னேன்.

"போகட்டும்" என்றாள்.

"இவனும் பள்ளிக்கூடம், டியூஷன் என்று ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்துதானே கிடக்கிறான்?"

"உட்காரட்டும். அவன் உட்கார்றது அவனுக்கு."

பேரன் நாங்கள் பேசுவதை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் நகர்ந்து, "அத்தைப்பாட்டி, எப்படிப் போடுவீங்க?" என்றான். அவள் கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, வெறுங்கையாலேயே போட்டு வாங்கிக் காட்டினாள். அறுபது வருடம் ஆகிறது. கை தடுமாறவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கட்டுரையை எங்களுக்குப் படித்துக் காட்டினான். கோலியும் பம்பரமும் ஒரே வரியில் முடிந்திருந்தன. "எங்கள் அத்தைப்பாட்டி எட்டு வயதில் தறியில் உட்கார்ந்தார்" என்று தொடங்கி, மீதி எல்லாம் அவள்தான்.

அக்கா முழுக்கக் கேட்டாள். "எட்டு இல்லடா, ஏழு. மாத்தி எழுது" என்றாள்.