வேடம் கலைத்த பாடகர்

பச்சோந்தி என்றால் நமக்கு வசவு. வீணையை விட்டுக் கிட்டார் கற்க ஆசைப்படும் எனக்கு வீட்டில் கிடைத்த பட்டமும் அதுதான்! ஆங்கிலேய ராக் பாடகர் டேவிட் போவியையோ இசையுலகம் அப்படி அழைத்தே புகழ்ந்தது.

1947இல் லண்டனில் பிறந்தவர். இயற்பெயர் டேவிட் ஜோன்ஸ். பதினைந்து வயதில் பள்ளித் தோழன் விட்ட குத்தில் இடக்கண்ணின் பாவை விரிந்தபடியே நின்றுவிட்டது. ஆனால் அந்தத் தோழனோடு நட்பு ஆயுள் முழுவதும் நீடித்தது. பாட்டைவிட இதுவே என்னை முதலில் கவர்ந்தது.

1972இல் செந்நிற முடியும் மினுக்கும் உடையுமாக, 'ஜிக்கி ஸ்டார்டஸ்ட்' என்னும் கற்பனைப் பாடகனாக மேடையேறினார். இங்கிலாந்தே மயங்கியது. புகழின் அந்த உச்சியில், 1973 ஜூலை 3 அன்று, இதுவே கடைசி நிகழ்ச்சி என்று லண்டன் மேடையிலேயே அறிவித்து வேடத்தைக் கலைத்தார். உடன் வாசித்த இருவருக்கே அது முன்கூட்டித் தெரியாதாம். அது சற்றுக் கொடுமைதான்! ஆயினும் கைதட்டலை உதறும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

பின்னர் 1975இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை. 1977இல் பெர்லின் சுவரருகே பதிவான 'ஹீரோஸ்'. 2016 ஜனவரி 8, தம் 69ஆம் பிறந்தநாளில், ஜாஸ் கலைஞர்களுடன் உருவாக்கிய 'பிளாக்ஸ்டார்' இசைத்தட்டை வெளியிட்டார். தம்மை வாட்டிய புற்றுநோயை உலகுக்குச் சொல்லவேயில்லை. இரண்டு நாள் கழித்து மறைந்தார்.